உங்கள் தெருவுக்கும் ஒரு பிரதிநிதி உண்டு... பெயர் தெரியுமா? கோவில்பட்டி கேட்க வேண்டிய பட்டியல்

சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் கோவில்பட்டிப் பிள்ளைகளுக்கு இந்த போன் கால் புதிதல்ல.

"தண்ணி வந்து எத்தனை நாளாச்சு தெரியுமா? யார்ட்ட சொல்லன்னே தெரியலய்யா."

"கவுன்சிலர்ட்ட சொல்லுங்கம்மா."

"அவரு போன் எடுக்கல. அவரு கூடவே ஒரு அண்ணாச்சி சுத்துவாருல்லா, அவர்ட்ட சொன்னாத்தான் நடக்குமாம்."

அந்த அண்ணாச்சி யார்? அவருக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை. நகராட்சி அலுவலகத்தில் அவருக்கு நாற்காலி கிடையாது. ஆனால் தெருவிளக்கு எரிவதும், சாக்கடை அடைப்பு எடுப்பதும், நலத்திட்டப் பட்டியலில் பெயர் சேருவதும் அவர் ஒரு வார்த்தை சொன்னால் நடக்கிறது என்று ஊர் நம்புகிறது. அவர் சும்மா கட்சிக்காரராக இருக்கலாம். சட்டப்படி நியமிக்கப்பட்ட பகுதி சபை உறுப்பினராகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று அம்மாவுக்குத் தெரியாது. மகனுக்கும் தெரியாது. இந்தக் கட்டுரையின் பிரச்சினையே அதுதான்.

சிறு நகரங்களில் ஊழல் என்றதும் டெண்டரும் கமிஷனும்தான் நினைவுக்கு வரும். அதற்கும் முந்தைய படி ஒன்று இருக்கிறது. யார் எந்த இடத்தில் உட்கார வைக்கப்படுகிறார்கள், அவர்களை உட்கார வைத்தது யார், அது எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்விதான் அது.

நீங்கள் ஓட்டுப் போட்டது எத்தனை பேருக்கு?

கோவில்பட்டி நகராட்சியில் 36 வார்டுகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 95,057 பேர். 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் ஒவ்வொரு வாக்காளரும் ஒரே ஒரு பட்டனைத்தான் அழுத்தினார். அது வார்டு உறுப்பினருக்கு. மற்ற எல்லாரும் வேறு வழிகளில் வந்தவர்கள்.

- நகர்மன்றத் தலைவர்: வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதுதான் மறைமுகத் தேர்தல்.
- ஆணையர்: மாநில அரசு அனுப்பும் அதிகாரி. மாற்றுவதும் மாநில அரசே.
- பகுதி சபை உறுப்பினர்கள்: தேர்தல் கிடையாது, நியமனம்தான்.
- மாற்றுத்திறனாளி நியமன உறுப்பினர்: 2025-ல் வந்த சட்டத்திருத்தத்தின்படி நியமனம்.

நகராட்சி எல்லையைத் தாண்டி இனாம் மணியாச்சிப் பக்கமோ, நாலாட்டின்புதூர் பக்கமோ போனால் கதை இன்னும் மாறுகிறது. தூத்துக்குடி உள்ளிட்ட 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. அவர்களின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அடுத்த தேர்தல் நடக்காததால் தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் கவுன்சிலர், அந்தப் பக்கம் அதிகாரி.

நியமனம் என்றாலே தப்பு என்று இதற்குப் பொருளல்ல. ஆனால் ஓட்டுப் போட்டு வந்தவரை ஐந்து வருடம் கழித்து மாற்றிவிடலாம். நியமித்து வந்தவரை மாற்ற மக்களிடம் கருவி எதுவும் இல்லை. அவர் யார் என்று தெரிந்துவைத்துக்கொள்ளும் உரிமை ஒன்றுதான் மிச்சம். அதுவும் இல்லையென்றால் அவர் யாருக்குப் பதில் சொல்வார்?

தலைவர் நாற்காலி: அடிக்கடி மாறும் விதி

தமிழ்நாட்டில் மேயரையும் நகராட்சித் தலைவரையும் 1996, 2001, 2011 தேர்தல்களில் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-லும் 2022-லும் மறைமுகத் தேர்தல். இடையில் நேரடி, மறைமுகம் என்று சட்டம் பலமுறை திருத்தப்பட்டது. இதில் இரண்டு கழகங்களுக்கும் பங்கு உண்டு.

மறைமுகத் தேர்தல் என்ன செய்யும் என்பதை 2022 மார்ச் 4 காட்டியது. கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கப்பட்ட தலைவர், துணைத் தலைவர் பதவிகளில் பல ஊர்களில் திமுக உறுப்பினர்களே போட்டியிட்டு ஜெயித்தார்கள். அன்றே முதல்வர் மு.க.ஸ்டாலின், அப்படி வென்றவர்கள் பதவி விலக வேண்டும், இல்லையேல் கட்சி நடவடிக்கை என்று எச்சரிக்க வேண்டியிருந்தது.

கட்சிக்கு அது கட்டுப்பாட்டுப் பிரச்சினை. வாக்காளருக்கு அது வேறு பிரச்சினை. பிப்ரவரியில் ஓட்டுப் போட்டவருக்கு, மார்ச்சில் மன்றக் கூடத்துக்குள் நடந்த கணக்கில் எந்த இடமும் இல்லை. தன் கவுன்சிலர் யாரைத் தலைவராக்கினார் என்று தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அது ரகசிய வாக்கெடுப்பு.

இதில் எழுதப்படாத நியமனம் ஒன்றும் உண்டு. உள்ளாட்சியில் 50 சதவீத இடங்கள் பெண்களுக்கு. நல்ல சட்டம். ஆனால் பெண் உறுப்பினரின் கணவரோ சகோதரரோ நகராட்சி அலுவலகத்தில் வந்து உட்கார்ந்து வேலை சொல்வது தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பழகிப்போன காட்சி. அவரை யாரும் தேர்ந்தெடுக்கவும் இல்லை, நியமிக்கவும் இல்லை. அரசு ஏட்டில் அவருக்கு ஒரு கையெழுத்துகூடக் கிடையாது. அதனால்தான் அவரிடம் யாரும் கணக்குக் கேட்க முடிவதில்லை.

பகுதி சபை என்றால் என்ன?

கிராமத்தில் கிராம சபை இருக்கிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாரும் அதன் உறுப்பினர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று தேதிகூட எல்லாருக்கும் மனப்பாடம். பிறகு மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்தன. கரிசல் காட்டு ஊர் ஒன்றில் பருத்தி எடுக்கும் அம்மாகூட அங்கே எழுந்து நின்று, "போன தடவ போட்ட தீர்மானம் என்னாச்சு?" என்று கேட்கலாம். எல்லா ஊரிலும் கேட்கவிடுகிறார்களா என்பது வேறு விஷயம். கேட்கும் உரிமை இருக்கிறது.

நகரத்தில் அப்படி எதுவும் இல்லாமலேயே பல ஆண்டுகள் போயின. 1992-ல் நிறைவேறி 1993 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த 74-வது அரசமைப்புச் சட்டத் திருத்தம், மூன்று லட்சம் மக்கள்தொகைக்கு மேற்பட்ட நகரங்களில் வார்டு குழுக்களைக் கட்டாயமாக்கியது. கோவில்பட்டி அந்த வரம்புக்குள் வரவில்லை. தமிழ்நாடு 2010-ல் சட்டத்தைத் திருத்தி வார்டு குழு, பகுதி சபை இரண்டுக்கும் இடம் கொடுத்தது. ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் 2022-ல்தான் வந்தன. பன்னிரண்டு ஆண்டுகள் சட்டம் புத்தகத்தில் தூங்கியது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாள் அன்று மாநிலம் முழுக்க நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதல்வரே கலந்துகொண்டார்.

அமைப்பு எளிமையானது. ஒரு வார்டைச் சில பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரம் என்றால் வார்டுக்கு 4 முதல் 5 பகுதிகள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிரதிநிதி. அந்தப் பிரதிநிதிகள் சேர்ந்ததுதான் வார்டு குழு. அதற்கு வார்டு உறுப்பினர் தலைவர்.

கோவில்பட்டிக்கு இந்தக் கணக்கைப் போட்டால் 36 வார்டுக்கு 144 முதல் 180 பிரதிநிதிகள். அதாவது 530 முதல் 660 பேருக்கு ஒருவர். இரண்டு மூன்று தெருக்களுக்கு ஒரு ஆள். தண்ணீர், துப்புரவு, விளக்கு, வடிகால் என்று அந்தத் தெருக்களுக்கு எது முதலில் தேவை என்பதை மேலே கொண்டுபோக வேண்டியவர் அவர்தான். தாளில் பார்த்தால் அருமையான ஏற்பாடு. கவுன்சிலர் போன் எடுக்காவிட்டால் கூப்பிட ஒரு ஆள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார்.

சிக்கல் எங்கே?

அந்த ஆளை யார் தேர்ந்தெடுக்கிறார் என்பதில்தான். பகுதி சபைப் பிரதிநிதிக்குத் தேர்தல் இல்லை. மன்றம் நியமிக்கிறது. மன்றத்துக்குப் பெயர் எங்கிருந்து வருகிறது? நடைமுறையில் வார்டு உறுப்பினரிடமிருந்து. விளைவு எதிர்பார்க்கக்கூடியதுதான். பட்டியல் தயாரானபோதே, கட்சிக்காரர்களும் வேண்டப்பட்டவர்களும்தான் இடம்பெறுகிறார்கள் என்ற புகார் மாநிலத்தின் பல நகரங்களில் எழுந்தது. நியமனத்துக்குப் பதில் தேர்வு முறை வேண்டும் என்று குடிமக்கள் அமைப்புகள் கேட்டன.

இதில் ஒரு முரண் இருக்கிறது. வார்டு உறுப்பினரைக் கேள்வி கேட்கத்தான் வார்டு குழு. அந்தக் குழுவின் தலைவர் வார்டு உறுப்பினர். குழு உறுப்பினர்களின் பெயரைக் கொடுப்பவரும் அவரே. பரீட்சை எழுதுகிறவரே வினாத்தாள் எடுத்து, திருத்துகிற வாத்தியாரையும் தேர்ந்தெடுப்பது போல. ஃபெயில் ஆக வழியே இல்லை.

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. சம்பளமில்லாத வேலைக்கு வேறு யார் வருவார்கள்? மழை நாளில் சாக்கடை உடைந்தால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் கட்சி ஊழியர்தான். தீப்பெட்டி ஆபீஸுக்கு ஓடும் அம்மாவும், ஷிப்டு வேலைக்குப் போகும் இளைஞரும் கூட்டத்துக்கு வர நேரமில்லை என்பார்கள். 180 பேருக்குத் தேர்தல் வைத்தால் செலவும் ஆகும், தெருவுக்குத் தெரு சண்டையும் வரும். கட்சியில் இருப்பது குற்றமும் அல்ல.

எல்லாம் சரி. ஆனால் இந்த வாதங்கள் நியமனத்தை நியாயப்படுத்துமே தவிர, மறைத்து வைப்பதை நியாயப்படுத்தாது. கட்சிக்காரரை நியமித்தால் நியமித்துக்கொள்ளுங்கள். அவர் பெயரையும் போன் நம்பரையும் எப்போது வரை பதவி என்பதையும் தெருமுனையில் எழுதி வைப்பதில் என்ன தடை? நல்லவராக இருந்தால் அவருக்குத்தான் பெருமை. வேலை செய்யாதவராக இருந்தால் ஊருக்குத் தெரியட்டும்.

நியமனம் நல்லதாகவும் இருக்கும்

இதற்கு நல்ல உதாரணமும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 2025 ஏப்ரலில் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்கும் சட்டத்திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. நகர்ப்புற அமைப்புகளில் சுமார் 650 பேர், ஊரக அமைப்புகளில் 13,000-க்கும் மேற்பட்டோர் இதனால் வாய்ப்புப் பெறுவார்கள் என்று அரசு சொன்னது. தேர்தலில் நின்று, பணம் செலவழித்து, வீதி வீதியாக ஏறி இறங்கி ஜெயிப்பது மாற்றுத்திறனாளிக்கு எவ்வளவு கடினம் என்று யோசித்தால், இது தேவையான நியமனம். நகர்மன்றக் கட்டடத்துக்கே சாய்தளம் இல்லை என்பதை எழுந்து சொல்ல ஒரு ஆள் உள்ளே இருக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, வெளிப்படையாக விண்ணப்பம் கேட்கப்பட்டது. 2025 ஜூலையில் படிவம் இணையத்தில் கிடைத்தது, கடைசித் தேதி அறிவிக்கப்பட்டது, தகுதியுள்ள யாரும் போட முடிந்தது. பகுதி சபைக்கு அப்படி ஒரு அறிவிப்பை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? மாநில அளவில் ஆயிரக்கணக்கான இடங்களுக்கு விண்ணப்பம் வாங்க முடிகிற அரசு இயந்திரத்துக்கு, 180 இடங்களுக்கு நோட்டீஸ் ஒட்ட முடியாதா?

ஆனால் இங்கேயும் பாதிக் கதவுதான் திறந்திருக்கிறது. விண்ணப்பித்த எத்தனை பேரில் இவர் ஏன் தேர்வானார் என்ற காரணம் வெளியே வந்தால்தான் முழுக் கதவு. இல்லாவிட்டால், "நம்ம ஆளுக்குக் கொடுத்துட்டாங்க" என்ற பேச்சு தகுதியால் வந்தவர் மீதும் ஒட்டிக்கொள்ளும். வெளிப்படைத்தன்மை தேர்வானவருக்கும் பாதுகாப்புதான்.

இன்னொன்று. அரசமைப்புச் சட்டத்தின் 243-ஆர் பிரிவு, நகராட்சி நிர்வாகத்தில் சிறப்பு அறிவோ அனுபவமோ உள்ளவர்களை மன்றத்தில் நியமிக்க இடம் தருகிறது. ஆனால் அப்படி வருபவர்களுக்கு மன்றக் கூட்டத்தில் வாக்குரிமை இல்லை என்றும் அதே பிரிவு சொல்கிறது. பேசலாம், ஓட்டுப் போட முடியாது. மக்கள் தேர்ந்தெடுத்தவரின் ஓட்டை நியமனம் மூலம் கவிழ்க்கக் கூடாது என்ற எச்சரிக்கை அது.

நியமித்தவர்களே ஆண்டால்?

நியமனம் எல்லை மீறினால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரியும். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை, பழங்குடியினர் இட ஒதுக்கீட்டுக் குறைபாடு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சீக்கிரம் மறு தேர்தல் வரும் என்றார்கள். நகரங்களுக்கு அது வந்தது 2022 பிப்ரவரியில். ஐந்து ஆண்டுகளுக்கு மேல், அதாவது ஒரு முழுப் பதவிக்காலம், எந்த நகராட்சியிலும் கவுன்சிலரே இல்லை. தனி அலுவலர்கள் ஆண்டார்கள்.

கொரோனா ஊரடங்குக் காலமும் அதற்குள்தான் அடக்கம். தெரு அடைக்கப்பட்டபோது அரிசிக்கும் மருந்துக்கும் யாரைக் கூப்பிடுவது என்று தவித்த நாட்களில், கோவில்பட்டியின் 36 வார்டுகளிலும் ஓட்டு வாங்கிய உள்ளாட்சிப் பிரதிநிதி ஒருவர்கூடக் கிடையாது. அதிகாரி நல்லவராக இருந்திருக்கலாம். ஆனால் அவர் வேலையை மதிப்பிடுவது மேலிடம், தெரு அல்ல.

2022 மார்ச்சில் பொறுப்பேற்ற நகர்மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243-யு பிரிவு தெளிவாகச் சொல்கிறது. 2016-லும் அந்தப் பிரிவு இருந்தது. கவுன்சிலர் இல்லாவிட்டால் அவர் தலைமையிலான வார்டு குழுவும் இயங்காது. பகுதி சபை என்ற ஒரே வாசலும் அதோடு மூடிக்கொள்ளும்.

பட்டியலைக் கேட்கப் புதுச் சட்டம் வேண்டுமா?

வேண்டாம். இருக்கும் சட்டமே போதும். 2005 அக்டோபர் 12-ல் அமலுக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(பி) பிரிவைப் பாருங்கள். யாரும் கேட்காமலேயே ஒவ்வொரு அரசு அலுவலகமும் தானாக வெளியிட வேண்டிய விவரங்களின் பட்டியல் அதில் உள்ளது. அதன் எட்டாவது உட்பிரிவு சொல்வதன் சாரம் இது: அந்த அலுவலகத்தின் பகுதியாகவோ ஆலோசனைக்காகவோ இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டோரைக் கொண்டு அமைக்கப்பட்ட குழுக்கள் எவை, அவற்றின் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் வரலாமா, கூட்டக் குறிப்புகளை மக்கள் பார்க்கலாமா என்பதை வெளியிட வேண்டும்.

வார்டு குழு இதற்குள் வருகிறது. ஆகவே பட்டியலை வெளியிடுவது நகராட்சி காட்டும் கருணை அல்ல, இருபது ஆண்டாக நிலுவையில் இருக்கும் கடமை. ஒவ்வொரு நகராட்சிக்கும் அரசு இணையதளத்தில் பக்கம் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கத்தைத் திறந்து, உங்கள் தெருவின் பகுதி சபைப் பிரதிநிதி பெயர் கிடைக்கிறதா என்று இப்போதே பார்க்கலாம். சொத்து வரி கட்ட ஆன்லைனில் வழி செய்த அலுவலகத்துக்கு, 180 பெயரை ஏற்றுவது பெரிய வேலையா என்ன?

ஒரு புதிய தடையும் இருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆர்.டி.ஐ. சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றிவிட்டது. 2025 நவம்பரில் அந்த மாற்றம் அமலுக்கு வந்தது. முன்பு தனிப்பட்ட தகவலை மறுக்கச் சில நிபந்தனைகள் இருந்தன. இப்போது, "இது தனிநபர் தகவல்" என்ற ஒரு வரியில் மறுத்துவிடலாம். பகுதி சபை உறுப்பினர் பெயரும் தனிநபர் தகவல்தான் என்று ஓர் அலுவலர் பதில் எழுதினால் ஆச்சரியப்பட வேண்டாம். அந்தப் பதில் நிற்காது. பொது நலன் பெரிதென்றால் விலக்கு உள்ள தகவலையும் தரலாம் என்னும் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது. தானாக வெளியிட வேண்டிய 4-வது பிரிவும் இருக்கிறது. பொதுப் பொறுப்பில் உட்கார்ந்தவரின் பெயர் அந்தப் பொறுப்பின் பகுதி. அவர் வீட்டு விலாசமோ ஆதார் எண்ணோ யாருக்கும் வேண்டாம்.

கலிபோர்னியாவில் ஒரு எளிய வழி

அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் 1975 முதல் மேடி சட்டம் என்று ஒன்று இருக்கிறது. சின்ன ஊராட்சிக்கும் பெரிய நகரத்துக்கும் ஒரே விதி. ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 31-க்குள் உள்ளூர் அமைப்பு ஒரு பட்டியல் வெளியிட வேண்டும். அடுத்த ஆண்டு எந்தெந்த நியமனப் பதவிகள் காலியாகின்றன, இப்போது இருப்பவர் யார், எப்போது நியமிக்கப்பட்டார், எப்போது முடிகிறது, அந்தப் பதவிக்குத் தகுதி என்ன என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இடையில் யாராவது விலகினால் 20 நாளுக்குள் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். நோட்டீஸ் ஒட்டிக் குறைந்தது 10 வேலை நாட்கள் கழித்தே நிரந்தர நியமனம் செய்யலாம்.

அங்கே அரசியல் நியமனமே இல்லை என்று அர்த்தமில்லை. அங்கேயும் வேண்டியவர்களுக்குப் பதவி கொடுக்கிறார்கள். ஆனால் கொடுப்பதற்கு முன் ஊருக்குச் சொல்லிவிட்டுக் கொடுக்கிறார்கள். அந்தப் பத்து நாள் இடைவெளியில் தகுதியுள்ள இன்னொருவர் விண்ணப்பம் போட முடிகிறது. அப்புறமும் வேண்டியவரையே போட்டால், யாரை ஒதுக்கிவிட்டுப் போட்டார்கள் என்று ஊருக்குத் தெரியும். இதற்கு ஒரு நோட்டீஸ் போர்டும் ஒரு பசை டப்பாவும் போதும்.

கோவில்பட்டி என்ன செய்யலாம்?

மாநில அரசு ஆணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நகர்மன்றம் தானே தீர்மானம் போட்டுச் செய்யக்கூடியவை இவை:

1. 36 வார்டுகளின் பகுதி சபைப் பிரதிநிதிகள் பெயர், எந்தெந்தத் தெரு, தொடர்பு எண், நியமனத் தேதி ஆகியவற்றை இணையப் பக்கத்திலும் அந்தந்தத் தெருமுனையிலும் வைப்பது.
2. ஒவ்வொருவரும் எந்தக் கட்சிப் பொறுப்பில் இருக்கிறார், மன்ற உறுப்பினருக்கோ நகராட்சி ஒப்பந்ததாரருக்கோ உறவினரா என்று ஒரு வரி உறுதிமொழி தருவது. உறவு இருந்தால் நீக்க வேண்டும் என்றில்லை. தெரிந்தால் போதும்.
3. இடம் காலியானால் 15 நாள் நோட்டீஸ், அப்புறம் நியமனம்.
4. கூட்டம் நடக்கும் தேதியை ஒரு வாரம் முன்பே சொல்வது. கூட்டக் குறிப்பை அடுத்த கூட்டத்துக்குள் வெளியிடுவது.
5. போன கூட்டத்தில் என்ன கேட்டார்கள், எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்று ஒரு பக்கம் எழுதி வைப்பது.

ஐந்தாவதுதான் முக்கியம். மற்ற நான்கும் அதற்கு ஏணி. தாமிரபரணித் தண்ணீர் சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியாக வந்து சேர வேண்டிய ஊர் இது. வானம் பார்த்த கரிசல் பூமியில் ஒரு குடத்துக்கும் கணக்கு உண்டு. எந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது வெறும் இன்ஜினியரிங் கேள்வி அல்ல. யாருடைய குரல் மேலே போனது என்ற கேள்வியும்கூட. பிரதிநிதி யார் என்று தெரியாத தெருவின் குரல் போகாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஊரில் இல்லாவிட்டாலும் இதைச் செய்யலாம். தமிழ்நாடு அரசின் ஆர்.டி.ஐ. இணையதளம் வழியாகவோ, தபாலிலோ, நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் அனுப்பலாம். கட்டணம் 10 ரூபாய். தபால் என்றால் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கேள்விகள் இப்படி இருக்கலாம்:

- எங்கள் வார்டின் பகுதி சபைப் பிரதிநிதிகளின் பெயர்களும், நியமனத்துக்கான மன்றத் தீர்மானத்தின் நகலும் தேவை.
- அந்தப் பெயர்களைப் பரிந்துரைத்தது யார்? பொதுமக்களிடம் விண்ணப்பம் கோரப்பட்டதா? கோரப்பட்டிருந்தால் அறிவிப்பின் நகல்.
- 2022 முதல் இன்றுவரை நடந்த கூட்டங்களின் தேதிகளும் கூட்டக் குறிப்புகளின் நகல்களும்.
- அந்தக் கூட்டங்களில் வந்த கோரிக்கைகள் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை.

30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால், அல்லது வந்த பதில் மழுப்பலாக இருந்தால், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதுவும் சரிப்படவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

ஒருவர் கேட்டால், "யாருங்க இந்த ஆளு?" என்று அலுவலகம் விசாரிக்கும். சின்ன ஊரில் இது உண்மையான பயம். கவுன்சிலர் தெரிந்தவராக இருப்பார், சித்தப்பாவின் கடைக்கு உரிமம் நகராட்சியில் இருக்கும். அதனால் 36 வார்டிலிருந்தும் 36 பேர் ஒரே வாரத்தில் கேட்பது நல்லது. அப்போது அது யாருடைய தனிப்பட்ட சண்டையும் அல்ல. ஊரின் கேள்வி. கல்லூரி நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப் எல்லா வார்டிலும் ஆள் வைத்திருக்கிறது. ஒருவருக்குச் செலவு 10 ரூபாய், எல்லாருக்கும் சேர்த்து 360 ரூபாய்.

அந்தப் பட்டியல் வந்த பிறகு ஒருநாள் அம்மா போன் செய்வார். "யார்ட்ட சொல்லன்னே தெரியல" என்று அவர் இனிச் சொல்ல வேண்டியதில்லை. பெயரைச் சொல்லலாம். அந்த அண்ணாச்சிதான் அதிகாரபூர்வப் பிரதிநிதி என்று தெரிய வந்தால் நல்லதுதான். அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவரிடமே கேட்கலாம்: "தண்ணி ஏன் வரல அண்ணாச்சி?"